ஃபவுண்டரியில் மனிதவளப் பயிற்சியாளர் (டிரெய்னி): முதல் ஆண்டில் எதைக் கற்பது?

கோவைப் பயிற்சியாளர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மனிதவள மேலாண்மையைச் சிறப்புப் பாடமாக எடுத்து எம்.பி.ஏ. முடித்துவிட்டு, கோவைக்கு அருகில் உள்ள ஒரு ஃபவுண்டரியில் பயிற்சியாளராகச் சேர்ந்திருக்கிறேன். உலோகத்தை உருக்கிப் பம்ப் உறைகளும் வாகன உதிரிபாகங்களும் வார்க்கும் ஆலை. நிரந்தரத் தொழிலாளர்கள், ஒப்பந்ததாரரின் ஆட்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து விடுதியில் தங்கியிருப்பவர்கள் என மூன்று வகையினரும் இங்கே வேலை செய்கிறார்கள். எங்கள் பிரிவில் மேலாளர் ஒருவர், டைம் ஆஃபீஸில் (வருகைப் பதிவுப் பிரிவு) ஒருவர், அவர்களை அடுத்து நான்.

எனக்குத் தரப்பட்டிருக்கும் வேலை பெரும்பாலும் தொலைபேசியில் அழைப்பதுதான். வேலை இணையதளங்களிலிருந்து எடுத்த பட்டியலைப் பார்த்து சி.என்.சி. ஆபரேட்டர் (கணினிக் கட்டுப்பாட்டு இயந்திரத்தை இயக்குபவர்), மோல்டர் (வார்ப்பு அச்சு செய்பவர்), தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர் ஆகிய பணிகளுக்கு ஆட்களை அழைக்கிறேன். பலர் வருவதாகச் சொல்கிறார்கள்; நேர்காணலுக்கு வருகிறவர்கள் குறைவு; தேர்வானபின் வேலையில் சேருகிறவர்கள் அதைவிடக் குறைவு. மேலாளருக்கு வேலைப் பளு அதிகம் என்பதால் உட்கார வைத்துச் சொல்லித்தர அவருக்கு நேரம் இல்லை. கல்லூரியில் படித்த கோட்பாடுகளில் எதை இங்கே எடுத்துப் பயன்படுத்துவது என்பதும் எனக்குப் புலப்படவில்லை.

இரண்டு கேள்விகள். முதல் ஓராண்டில் நான் ஆட்சேர்ப்பில் மட்டும் கவனம் செலுத்தித் தேர்ச்சி பெறுவது நல்லதா, அல்லது சம்பளப் பட்டியல், பி.எஃப். (வருங்கால வைப்புநிதி), ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) போன்றவற்றையும் சேர்த்துக் கற்பது நல்லதா? அடுத்து, சில பயிற்சி நிறுவனங்கள் "நடைமுறை மனிதவளப் பயிற்சி" என்ற பெயரில் வார இறுதி வகுப்பு நடத்திச் சான்றிதழ் தருகின்றன. கட்டணம் என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். சேரலாமா?

ஓசூர் ஆலை மேலாளர் (பதில்)

வணக்கம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போது சேர வேண்டாம். அந்த வகுப்புகளில் கற்பனைத் தொழிலாளர் ஒருவரை வைத்துச் சொல்லித்தருவதை, உங்கள் ஆலையின் உண்மையான சம்பளச் சீட்டுகளை வைத்து நீங்களே கற்றுக்கொள்ள முடியும். அதற்கு மேலாளரின் அனுமதியும், டைம் ஆஃபீஸ் ஊழியரின் நல்லெண்ணமும் போதும். அந்த ஊழியரை எங்கள் துறைக்குப் புதிதாக வருகிற பட்டதாரிகள் பெரும்பாலும் மதிப்பதில்லை. ஷிப்ட் மாற்றம், ஓவர்டைம், பஞ்ச் விடுபட்டது, பாதி நாள் விடுப்பு ஆகியவை சம்பளத்தில் எப்படிப் போய் விழுகின்றன என்பதை அவரைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர் ஆலையில் வேறு யாரும் இல்லை.

முதல் கேள்வியில் ஆட்சேர்ப்பையும் சம்பளக் கணக்கையும் இரண்டு தனி வழிகளாகப் பிரித்திருக்கிறீர்கள். உங்களிடம் "வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வராமல் போனவர்களில் கணிசமானோர் வராததற்குக் காரணம் சம்பளச் சீட்டில்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஒருவருக்கு அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 12,000 ரூபாய், எல்லோருக்கும் தரப்படும் சிறப்புப்படி 3,000 ரூபாய், மொத்தம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். (இது விளக்கத்துக்கான எண். உங்கள் தொழிலுக்குரிய குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கையோடும், ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறும் அகவிலைப்படியோடும் ஒப்பிட்டபிறகே எந்தச் சம்பளத்தையும் பேச வேண்டும்.) பி.எஃப். பிடித்தம் 12 விழுக்காடு. அதை 12,000-க்குக் கணக்கிட்டு 1,440 என்று பிடிக்கும் ஆலைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லோருக்கும் பொதுவாகத் தரப்படும் படிகளையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே 15,000-க்கு 1,800 ரூபாய். ஈ.எஸ்.ஐ.யில் தொழிலாளரின் பங்கு 0.75 விழுக்காடு, அதாவது 112.50, அடுத்த ரூபாய்க்கு உயர்த்தினால் 113. கைக்கு வருவது 13,087 ரூபாய்.

இப்போது ஆலையின் பக்கம் வாருங்கள். பி.எஃப்.பில் ஆலையின் பங்கும் 1,800. அதில் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்கும் மீதி 550 தொழிலாளரின் வைப்புநிதிக் கணக்குக்கும் போகிறது. வைப்புநிதியோடு இணைந்த காப்பீட்டுக்கு அரை விழுக்காடு, நிர்வாகக் கட்டணம் அரை விழுக்காடு, இரண்டும் சேர்ந்து 150. ஈ.எஸ்.ஐ.யில் ஆலையின் பங்கு 3.25 விழுக்காடு, 488 ரூபாய். ஆக, போனஸ், பணிக்கொடை (கிராஜுட்டி), சீருடை, உணவு எதையும் சேர்க்காமலேயே ஆலைக்கு அந்த ஆள் மாதம் 17,438 ரூபாய் செலவு.

ஆள் அனுப்பும் கான்சல்டன்சிக்காரர் ஆலையின் மொத்தச் செலவான 17,438-ஐச் சொல்லி அனுப்புகிறார், நீங்கள் 15,000 என்கிறீர்கள், பக்கத்து ஆலையில் வேலை செய்யும் நண்பர் "கைக்கு 13,500" என்கிறார். உசிலம்பட்டியிலிருந்து வரும் ஓர் இளைஞருக்கு இந்த மூன்றில் கடைசி எண் மட்டுமே புரியும், அவர் அங்கே போய்விடுவார். தொலைபேசியில் முதல் அழைப்பிலேயே "பிடித்தம் போகக் கைக்கு இவ்வளவு, ஓவர்டைம் இருந்தால் மணிக்கு இரட்டிப்பு வீதம் இவ்வளவு, விடுதிக்கும் உணவுக்கும் இவ்வளவு கழியும்" என்று தாளைப் பார்க்காமல் சொல்லக்கூடியவராக நீங்கள் ஆகிவிட்டால், நேர்காணலுக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை குறையலாம். ஆனால் வந்தவர்கள் சேருவார்கள்.

எனவே என் ஆலோசனை இது. அலமாரியிலிருந்து ஒரு தொழிலாளரின் கோப்பை எடுத்து, அவர் விண்ணப்பித்த நாளிலிருந்து இன்றுவரை அதில் உள்ள ஒவ்வொரு தாளும் ஏன் இருக்கிறது என்று சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். அடுத்து, வேலையை விட்டுப் போன ஒருவரின் இறுதிக் கணக்கை, மென்பொருளைத் தொடாமல், எக்செல்லில் நீங்களே போட்டு அலுவலகக் கணக்கோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு வந்தால் அதை விடாமல் துரத்துங்கள். அந்தத் துரத்தலில் நீங்கள் கற்பதை எந்த வகுப்பும் தராது.

சென்னை ஆட்சேர்ப்பாளர் (பதில்)

மேலே சொன்ன கணக்கு அருமை. நான் மென்பொருள் நிறுவனங்களுக்கு ஆள் எடுப்பவள். ஆலை அனுபவம் குறைவு. இருந்தாலும் இரண்டு இடத்துக்கும் பொதுவானது என்று நான் கருதுகிறதைச் சொல்கிறேன்.

புதியவர்கள் ஆட்சேர்ப்பு என்றால் ரெஸ்யூம் தேடுவது என்று நினைக்கிறார்கள். தேடும் கலை அவசியம்தான். ஒரே பணிக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர் இருக்கும் என்பதால், ஒரு சொல்லை மட்டும் இட்டுத் தேடாமல், மாற்றுச் சொற்களை "ஆர்" (OR) போட்டு இணைத்து, வேண்டாதவற்றை "நாட்" (NOT) போட்டு விலக்கித் தேடப் பழகுங்கள்; சில வாரங்களில் கைவந்துவிடும். கைவர நாளாவது, தேடுவதற்கு முன் துறைத் தலைவரிடம் போய் உட்கார்ந்து, அவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்டு வாங்குவதுதான். "மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவர்" என்று அவர் எழுதித் தந்தால் அதை அப்படியே விளம்பரத்தில் போட்டுவிடாதீர்கள். இந்த இருக்கையில் கடைசியாக இருந்தவர் ஏன் போனார், சேர்ந்த முதல் மாதத்தில் இவர் எதைத் தனியாகச் செய்துகாட்ட வேண்டும், எது தெரியாமல் வந்தாலும் நீங்கள் சொல்லித்தரத் தயார் ஆகிய மூன்றையும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் உங்கள் தேடல் எல்லையைப் பெரிதாக்கும்.

நேர்காணல் பற்றியும் ஒன்று. பெரும்பாலான இடங்களில் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு கேள்வியைக் கேட்டுவிட்டு, கடைசியில் "ஆள் நன்றாகப் பேசுகிறார்" என்று முடிவெடுக்கிறார்கள். 2022-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் பால் சாக்கெட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும், ஆள்தேர்வு முறைகளைப் பற்றிய முந்தைய ஆய்வுகளை மறுகணக்கிட்டு வெளியிட்டார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோலில் மதிப்பெண் இடும் நேர்காணலுக்கும் பின்னாளைய பணித்திறனுக்கும் உள்ள தொடர்பு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.42 என்றும், மனம்போல் பேசும் நேர்காணலுக்கு அது 0.19 என்றும் அவர்களுக்குக் கிடைத்தது. அவர்கள் ஒப்பிட்ட முறைகளில் முதலிடம் பெற்றது மதிப்பெண் இடும் நேர்காணல்தான். ஒரு பணிக்கு ஐந்தாறு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நல்ல பதில் எது, சுமாரான பதில் எது என்று எழுதிய ஒரு தாள்: இதைத் தயாரித்து மேலாளரிடம் கொடுத்துப் பாருங்கள். பயிற்சியாளர் ஒருவர் முதல் ஆண்டிலேயே அலுவலகத்துக்கு விட்டுச்செல்லக்கூடிய உருப்படியான பொருள் இது.

தேர்வானவர் சேரும் நாள் வரை வாரம் ஒரு முறையாவது நீங்களே அழைத்துப் பேசுங்கள். எங்கள் துறையில் நோட்டீஸ் காலம் 60 நாள், 90 நாள் என்று நீள்வதால், ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு வேறு மூன்று இடங்களில் பேரம் பேசுவது வழக்கமாகிவிட்டது. அழைக்கும்போது "சேருவீர்கள்தானே" என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். "ராஜினாமா கொடுத்துவிட்டீர்களா, அதை ஏற்றுக்கொண்டார்களா, தங்க இடம் பார்த்தாயிற்றா" என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

மதுரை தொழிலாளர் சட்ட ஆலோசகர் (பதில்)

ஓசூர் நண்பரின் கணக்கு சரியே. அதோடு இரண்டைச் சேர்க்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. ஊதிய வரம்பு மாதம் 21,000 ரூபாய் (மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000) என்று மனப்பாடம் செய்திருக்கும் பல இளம் அலுவலர்கள், ஊதிய உயர்வால் ஒருவர் வரம்பைத் தாண்டிய மாதமே பிடித்தத்தை நிறுத்திவிடுகிறார்கள். அது தவறு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையும், அக்டோபர் முதல் மார்ச் வரையும் என இரண்டு பங்களிப்புக் காலங்கள் உண்டு. காலத்தின் நடுவில் வரம்பைத் தாண்டியவருக்கு அந்தக் காலம் முடியும்வரை பங்களிப்பு தொடர வேண்டும்.

இரண்டாவது, சேருகிற நாளின் வேலை. பி.எஃப். எண் ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்காமல் புதிய எண் வாங்குவது, ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் பொருந்துகின்றனவா என்று பார்க்காமல் பதிவிடுவது, முந்தைய நிறுவனம் விலகல் தேதியைப் பதிந்திருக்கிறதா என்று பார்க்காமல் விடுவது ஆகிய மூன்றும்தான் பின்னால் தொழிலாளர் பணம் எடுக்கப் போகும்போது அவரை அலையவிடுகின்றன. வெளிமாநிலத் தொழிலாளருக்கு இந்த அலைச்சல் இன்னும் கடுமை, ஏனெனில் திருத்தத்துக்கு வேண்டிய ஆவணம் அவருடைய ஊரில் இருக்கும். ஈ.எஸ்.ஐ. பதிவை "மாதக் கடைசியில் மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாம்" என்று தள்ளிவைக்கவே வேண்டாம். உருகிய உலோகத்தோடு வேலை செய்யும் இடத்தில், விபத்து முதல் ஷிப்டிலேயே நேரலாம்; விபத்துக்குப் பிறகு செய்யப்படும் பதிவு எத்தனை கேள்விகளைக் கிளப்பும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் கல்லூரியில் படித்த சட்டங்களின் பெயர்களும் இப்போது மாறிவிட்டன. ஊதியம், தொழில் உறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு குறித்த நான்கு சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. உங்கள் மேசைக்கு நேரடியாக வரும் மாற்றங்கள் சில: நியமனக் கடிதம் கட்டாயம், விலகியவருக்கோ நீக்கப்பட்டவருக்கோ ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும், விலக்களிக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி ஊதியத்தில் சேர்ந்துவிடும், குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமை வருகிறது. விதிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை ஒவ்வொரு முறையும் அரசிதழ் அறிவிக்கையில் பாருங்கள். வாட்ஸ்ஆப்பில் சுற்றும் ஒரு பக்கச் சுருக்கங்களை நம்பிச் சம்பளப் பட்டியலில் கை வைக்க வேண்டாம். மத்தியச் சட்டங்களைப் படித்துவிட்டு மாநிலச் சட்டங்களை மறந்துவிடும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளருக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தை உங்களைப் போன்ற ஆலையில் தெரியாமல் இருக்க முடியாது.

படிப்பு வேண்டும் என்றால், அம்பத்தூரில் உள்ள தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் அரசு நிறுவனம். அங்கே தொழிலாளர் சட்டங்களுக்கான வார இறுதிப் பட்டயப் படிப்பு உண்டு. கோவையிலிருந்து போய்வருவது சிரமம்தான். ஆயினும் தனியார் சான்றிதழுக்குச் செலவிட நினைத்திருக்கும் பணத்தை, ஆலைத் தொழிலாளர் நல அலுவலர் பணிக்கும் பயன்படக்கூடிய ஒரு தகுதிக்காகச் சேர்த்துவைப்பது மேல். அதற்கு எந்தெந்தப் படிப்பு ஏற்கப்படுகிறது என்பதைச் சேருமுன் விதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னை சகோதரி சொன்ன மதிப்பெண் தாள் ஆய்வாளர் பணிக்குச் சரி. மோல்டரையும் சி.என்.சி. ஆபரேட்டரையும் மேசையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டு எதையும் அறிய முடியாது. வரைபடம் ஒன்றைக் கொடுத்து அளவு படிக்கச் சொல்லுங்கள், வெர்னியர் அளவியைக் கையில் கொடுங்கள், மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்க மாதிரி வேலை ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள்.

கோவைப் பயிற்சியாளர்

மூவருக்கும் நன்றி. கணக்கை எங்கள் சம்பளச் சீட்டுகளில் போட்டுப் பார்த்தேன். விளம்பரத்தில் நாங்கள் மொத்தச் சம்பளத்தை மட்டும் போடுகிறோம், விடுதிக் கழிவு அதில் எங்கும் இல்லை. டைம் ஆஃபீஸ் அண்ணனிடம் கேட்டேன். மாலையில் ஷிப்ட் மாறிய பிறகு சொல்லித்தருவதாக ஒப்புக்கொண்டார்.

துறைத் தலைவரிடம் பேசுவதில்தான் தயக்கம். ஃபெட்லிங் (வார்ப்பின் பிசிறுகளை நீக்கும்) பிரிவு மேற்பார்வையாளர் அங்கே நீண்ட காலமாக இருப்பவர். எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று கேட்டால் "நல்ல பையனா அனுப்புங்க, போதும்" என்கிறார். அதற்கு மேல் கேட்டால், அனுபவம் இல்லாதவள் குறுக்கு விசாரணை செய்கிறாள் என்று நினைப்பாரோ என்று இருக்கிறது. தரக்கட்டுப்பாட்டு நேர்காணலில் பெண் விண்ணப்பதாரர்களிடம் மட்டும் "கல்யாணம் எப்போது" என்று ஓர் அலுவலர் கேட்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறவள். என்ன செய்வது?

ஓசூர் ஆலை மேலாளர்

மேற்பார்வையாளரிடம் மேசையில் வைத்துக் கேட்காதீர்கள். பாதுகாப்புக் காலணியும் கண்ணாடியும் அணிந்து, ஒரு ஷிப்டில் பாதி நேரம் ஃபெட்லிங் பிரிவிலேயே நில்லுங்கள். அங்கே தூசி, இரைச்சல், கிரைண்டரின் எடை, எத்தனை பேர் எப்போது தண்ணீர் குடிக்க ஒதுங்குகிறார்கள் எல்லாம் தெரியும். அவருடைய ஆட்களில் யாரை அவர் கூப்பிட்டுக் கடினமான வார்ப்பைக் கொடுக்கிறார் என்று கவனித்துவிட்டு, "இவரிடம் என்ன இருக்கிறது என்று இவரைக் கூப்பிட்டீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். "நல்ல பையன்" என்பதற்கு அவர் வைத்திருக்கும் பொருள் அந்தப் பதிலில் வந்துவிடும். பெரும்பாலும் அது திங்கட்கிழமை வேலைக்கு வருகிறவர், கைக்கவசத்தைக் கழற்றாதவர், தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனால் திரும்பி வருகிறவர் என்று இருக்கும். அதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி அவரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இணையதளப் பட்டியலை மட்டும் நம்பி மோல்டரைத் தேடினால் கிடைப்பது அரிது. சுற்றுவட்டார ஐ.டி.ஐ.களின் பயிற்சி அலுவலர்களை நேரில் போய்ப் பாருங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு மையம் நடத்தும் தனியார்துறை முகாம்களுக்கு ஆலையின் சார்பில் நீங்கள் போய் உட்காருங்கள். நல்ல தொழிலாளர்களிடம் அவர்கள் ஊர்க்காரர்களைப் பற்றிக் கேளுங்கள். ஒப்பந்தப் பணியாளர்களையும் சேர்த்து 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை தொழிற்பழகுநர்களை (அப்ரண்டிஸ்) எடுக்க வேண்டும் என்பது விதி. உங்கள் ஆலையில் அது நடைமுறையில் இருந்தால், பழகுநராக வந்து முடித்தவர்களின் பட்டியலிலிருந்தே உங்கள் அடுத்த சி.என்.சி. ஆபரேட்டரைத் தேடலாம்.

சென்னை ஆட்சேர்ப்பாளர்

கல்யாணக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். வேலைக்கு ஆள் எடுப்பதில் பாலின அடிப்படையில் பாகுபாடு காட்டுவதை ஊதியச் சட்டத் தொகுப்பு தடை செய்கிறது. அதற்கு முன்பிருந்த 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமும் பெண்களுக்கு எதிரான அத்தகைய பாகுபாட்டைத் தடை செய்தது. பெண்களிடம் மட்டும் கேட்கப்பட்ட கேள்வி, அவர் தேர்வாகாமல் போனபின் ஒரு புகாரில் எப்படி வாசிக்கப்படும் என்பதை மேலாளருக்குச் சொல்லிவிட்டால், அவரே அந்த அலுவலரிடம் பேசிக்கொள்வார். நேர்காணல் அறையில் விண்ணப்பதாரர் முன்னால் நீங்கள் குறுக்கிட வேண்டாம். பயிற்சியாளரின் இடத்திலிருந்து அது எடுபடாது, அந்தப் பெண்ணுக்கும் சங்கடம்.

அதோடு, மதிப்பெண் தாளை இங்கேதான் முதலில் பயன்படுத்துங்கள். தரக்கட்டுப்பாட்டுப் பணிக்கான கேள்விகளை அந்த அலுவலரோடு சேர்ந்தே எழுதுங்கள். அவர் உண்மையில் அறிய விரும்புவது இரவு ஷிப்டுக்கு வர முடியுமா, ஓராண்டாவது இருப்பாரா என்பதாக இருக்கலாம். அப்படியானால் அந்த இரண்டையும் நேரடியான கேள்விகளாக எழுதி, ஆண், பெண் இருபாலரிடமும் ஒரே சொற்களில் கேட்கும்படி தாளில் அச்சிட்டுவிடுங்கள். குறிப்பெடுப்பவர் நீங்கள் என்பதால், அடுத்த நேர்காணலுக்கு முன் தாளை மேசையில் வைக்கும் வேலையும் உங்களுடையதுதான்.